பழைய லைப்ரரியை எடுத்துடு

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வில்லியனூர் பக்கத்துக் கல்லூரியில் கடைசி வருடம். மறுநாள் ஒரு கம்பெனி ஒரே ஒரு ஆளை எடுக்க வருகிறது. அவரவர் லேப்டாப்பில் புராஜெக்டை ஓட்டிக் காட்ட வேண்டும். என் வகுப்பு உறுவையாறு ஜெயந்தியின் லேப்டாப்பில், அதை ஓட்டத் தேவையான புது கம்பைலர் மென்பொருள் ஏறவில்லை.

"பழைய லைப்ரரி தடுக்குதுடி, இன்னா பண்றது?" என்று என்னிடம் வந்தாள்.

லேப்டாப்பில் எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் கோப்பு அந்த லைப்ரரி; அதைப் புதுப்பித்தால் போதும் என்று எனக்குத் தெரியும். வகுப்பில் எப்போதும் அவள் முதல், நான் இரண்டாவது.

"அத்த எடுத்துடு," என்றேன்.

லேப்டாப்பை இயக்கும் லினக்ஸ் சும்மா விடவில்லை. இது இல்லாமல் எதுவும் ஓடாது, சம்மதமென்றால் ஒரு முழு வாக்கியத்தை டைப் செய் என்றது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் இப்டித்தான் கேக்கும். அடி."

ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். அதன்பின் எந்தக் கட்டளைக்கும் பதில் வரவில்லை. புராஜெக்ட் உள்ளேயே மாட்டிக்கொண்டது.

வேலை எனக்குக் கிடைத்தது. அவள் இப்போது திருபுவனையில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். போன மாதம் பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நீ சரியாத்தாண்டி சொன்ன. நான்தான் இன்னாவோ தப்பா அடிச்சிட்டேன்."

"ஆமாடி," என்றேன். "பாத்து அடிச்சிருக்கலாம்."