பேர் தெரியாத சனலும் கிடைக்கும்

இன்று காத்தான்குடியில் என் டிஷ் கடையில், செய்மதித் தொலைக்காட்சியின் தொழில்நுட்ப ஆவணம் ஒன்றைத் தரவிறக்கினேன். இலவசம்தான்.

ரிசீவர் பெட்டி வாங்க பனிச்சங்கேணி ஊரிலிருந்து வந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"சிக்னல் எப்பிடி வருது எண்ட விவரம் அக்கா. ஆரும் எடுக்கலாம். அதாலதான் பேர் தெரியாத சனலையும் பெட்டி தானாத் தேடிப் பிடிக்குது."

அக்கா ரிசீவரைக் கையில் எடுத்தார்.

"சண்டை முடியேக்க பிடிபட்ட என்ர மனிசன்ர பேர், ஊர், அடையாள அட்டை நம்பர் எல்லாம் ஆமிக்கும் பொலிசுக்கும் குடுத்து ரெண்டு வருசம். தடுப்பு முகாமில இருக்கிற ஆக்கள்ர லிஸ்ட ஒருத்தரும் காட்டுறாங்கள் இல்ல. வந்தா அவர் செய்தி பாப்பார் எண்டுதான் இத வாங்குறன்."

நாளை அவர் வீட்டில் டிஷ் பூட்ட வேண்டும். அந்த லிஸ்டை எங்கே கேட்கலாம் என்று அக்காவிடம் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். சிக்னல் விவரம் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது.