யமுனையில் முருகனைத் திட்டிய நாள்

என் வீட்டுக்காரருக்கு வலது காலில் இப்போது மூன்று விரல்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் உத்தரப் பிரதேசத்து எட்டாவாவில் ஒரு மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். கால் முழுவதும் போயிருக்க வேண்டும். ஆளே போயிருக்க வேண்டும். முருகன் காப்பாற்றினான். மயூர் விஹாரில் வெள்ளிக்கிழமைதோறும் நாம் கூடும் வழிபாட்டில் இதை நான் சொன்னபோது, நம் ஆண்டு மலருக்கும் எழுதிக் கொடுங்கள், ஆனால் கொஞ்சம் சாந்தமாக எழுதுங்கள் என்றார்கள். எனக்குச் சாந்தமாக எழுத வராது. நடந்ததும் சாந்தமாக நடக்கவில்லை.

என் பெயர் சண்முகவடிவு. சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் சுடலைமுத்து கடற்படையில் இருந்தவர். கடைசிப் பணி டெல்லியில் அமைந்ததால் இங்கேயே ஃப்ளாட் வாங்கித் தங்கிவிட்டோம். கடலில் அலைந்த மனிதரை மூன்றாம் மாடியில் அடைத்துவைத்தால் சும்மா இருப்பாரா? மெட்ரோவில் யமுனையைக் கடக்கும்போதெல்லாம் மற்றவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். இவர் மட்டும் ஜன்னலோரம் போய் நின்று கீழே பார்ப்பார்.

ஒரு நாள், "இந்தத் தண்ணி பிரயாகை வரைக்கும் போவுதுட்டி, நாமளும் கூடவே போயிருவோம்" என்றார். அங்கிருந்து கங்கையில் காசி வரை போவது திட்டம். ஒரு ஃபைபர் படகு வாங்கினார், பின்னால் சின்ன மோட்டார் வைத்தது. காசிக்கு ரயிலில் போகிற பெண்ணாகத்தான் நான் பிறந்தேன். ஆனாலும் எனக்கும் உள்ளூர ஆசை இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சென்ற புரட்டாசிக் கடைசியில், வெள்ளம் வடிந்த பிறகு, ஓக்லா அணைக்கட்டுக்குக் கீழே படகை இறக்கினோம். வழியனுப்ப வந்தவர்கள் எங்களுக்கு மாலை போட்டார்கள். மாலை கொண்டுவந்த பாலிதீன் பையை அப்படியே தண்ணீரில் விட்டார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்ல? சோப்பு நுரைபோல மலைமலையாக நுரை. அதற்குக் கீழே தார் நிறத்தில் ஒரு ஓட்டம். நாற்றத்தில் முதல் நாள் முழுக்க என்னால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை. இதைத்தான் யமுனா மாதா என்று கும்பிடுகிறோம். பெற்ற தாயை யாராவது இப்படி வைத்திருப்பார்களா? வைத்திருந்தால் அக்கம்பக்கத்தார் காறித் துப்ப மாட்டார்களா?

இரண்டாம் நாள் காலையில் அவர் படகைக் கரையோரத்துக் கறுப்புத் தண்ணீருக்குள் திருப்பினார். நடுவில் தண்ணீர் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அந்த வழியாகவே போவோம் என்றேன்.

"கருப்பா இருந்தா ஆழம்ட்டி. கடல்ல எத்தன வருசம் பாத்திருக்கேன். நீ பேசாம இரு."

கடலில் அது சரிதான். நீலம் கறுக்கக் கறுக்க ஆழம். ஆனால் இங்கே கறுப்பு என்றால் சாக்கடை. முழங்கால் ஆழத்தில் படகு சேற்றில் செருகி நின்றது. அத்தனை வருடம் கடலைப் படித்த மனிதருக்கு ஒரு சாக்கடையைப் படிக்கத் தெரியவில்லை. இறங்கித் தள்ளினார். தள்ளியவர் திடீரென்று காலைத் தூக்கினார். உள்ளங்காலில், விரல்களுக்குக் கீழே, நீளமாக ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது.

அந்தச் சில்லு எதிலிருந்து வந்தது என்று அவரே சேற்றுக்குள் கைவிட்டு எடுத்தார். ஒரு சாமி படம். கிழிந்த பாலிதீன் பைக்குள் சட்டமும் பாதிக் கண்ணாடியும் இருந்தன. படம் நைந்துபோயிருந்தது. ஆனால் வேலின் நுனியும் ஒரு சேவற்கொடியும் தெரிந்தன. டெல்லியில் முருகன் படத்தை ஆற்றில் போடுகிறவர் யார்? வேறு யார், நம் ஆட்கள்தான்.

அப்போது நான் செய்ததைக் கேளுங்கள். அவர் காலில் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கிறது. நான் அந்தப் படத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா மன்னிச்சிரு" என்று சொல்லி, கண்ணாடியோடு மறுபடியும் தண்ணீரிலேயே விட்டேன்.

அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி குறைவு. குடிதண்ணீரால் கழுவி, டெட்டால் போட்டு, துணி சுற்றி, கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டார். வலிக்கவே இல்லை என்றார். வலிக்காததுதான் ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னதை இரண்டு பேருமே மறந்தோம். மதுரா பக்கத்தில் தடுப்பணை குறுக்கிட்டது. அங்கே படகை டிராக்டரில் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினோம். ஆக்ராவில் காலைக் காட்டுங்கள் என்றேன். ஆறிவிட்டது என்றார். டாக்டரிடம் போவோம் என்றேன். போனால் அவன் பயணத்தை நிறுத்திவிடுவான் என்று வாய்தவறிச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. அறுபத்தொரு வயதில் ஒருத்தி இவ்வளவு ஏமாளியாக இருக்கலாமா என்று என்மேலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

ஆக்ராவைத் தாண்டி இரண்டு மூன்று நாளில் கரை மாறிவிடுகிறது. இரண்டு பக்கமும் மண் மேடுகள், இரண்டு மாடி உயரத்துக்கு வெட்டுண்டு வெட்டுண்டு நிற்கின்றன. மேலே ஊர் இருக்கிறதா இல்லையா என்று கீழே இருந்து தெரியாது. மொபைலில் சிக்னல் கிடையாது. அந்த இடத்தில்தான் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது.

அது கிருத்திகை நாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். செவ்வாய் என்றாலும் பொருத்தமாக இருக்கும். வெறும் புதன்கிழமை. பகல் பதினொரு மணி இருக்கும். அவர் என்னைப் பார்த்துக் கப்பலில் கூட வேலை பார்த்த யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லி நங்கூரம் போடச் சொன்னார். அப்போதுதான் நான் அவர் ஷூவைக் கழற்றினேன். நாற்றம் அடித்தது. பத்து நாளாக ஆற்றின் நாற்றம் என்று நினைத்திருந்தேனே, அதில் பாதி இவர் காலின் நாற்றம். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. கெண்டைக்கால் வரை சிவந்து வீங்கியிருந்தது.

மோட்டாரை நானே கிளப்பினேன். கொஞ்ச தூரம் போனதும் அது திணறி நின்றது. அதன் விசிறியில் ஒரு சிவப்புச் சேலை சுற்றிக்கொண்டிருந்தது. நதிக்கு யாரோ பக்தியாகச் சாத்திய சேலை. காய் நறுக்கும் கத்தியால் அறுத்து அறுத்துப் பார்த்தேன். கை கிழிந்ததுதான் மிச்சம். படகு ஒரு மணல்திட்டில் போய் ஒதுங்கி நின்றது.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். நம் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்தபடி, மனத்தை அடக்கி, "முருகா சரணம்" என்று நூற்றெட்டு முறை சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். அவருக்கு நடுக்கம் கண்டிருந்தது. பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஆற்றில் ஒரு ஈ காக்கை இல்லை.

அப்போது வந்தது எனக்குக் கோபம். எழுந்து படகில் நின்றுகொண்டு, வானத்தைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஏ முருகா! உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? காது செவிடாப் போச்சா? நாப்பது வருசம் உனக்கு விளக்கு ஏத்துனேனே, அதுக்கா இது? உன் படத்துக் கண்ணாடியே எம் புருசன் காலத் தின்னுட்டுதேடா! எறங்கி வாடா கீழ!"

இன்னும் சொன்னேன். அவையெல்லாம் அச்சில் போடக்கூடிய சொற்கள் அல்ல. எங்கள் ஊரில் மீன் விற்கும் பெண்களுக்குச் சளைக்காமல் திட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குரல் கம்மிப்போய் அழுகை வந்தபோது, மேட்டின்மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா! பயம் வேண்டாம்! வரேன்!"

தமிழ். உடைந்த தமிழ்தான், ஆனாலும் தமிழ். தலையில் துண்டு கட்டி, கையில் கதிர் அரிவாளோடு ஒரு பெரியவர் மண் சரியச் சரிய இறங்கி வந்தார். வந்தவருக்கு அதற்குமேல் ஒரு தமிழ் வார்த்தையும் தெரியாது. பெயர் ராம்சேவக். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுக் கம்பு விவசாயம் பார்ப்பவர். என் வீட்டுக்காரர் காலை ஒரு பார்வை பார்த்தார். மேலே பார்த்து விசில் அடித்தார். நாலு பேர் கயிற்றுக் கட்டிலோடு வந்தார்கள். கட்டிலில் கிடத்தி மேட்டில் ஏற்றி, டிராக்டரில் போட்டு, பெரிய சாலைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரு ஜீப்பில் எட்டாவா. வழி முழுக்க "ஜல்தி, ஜல்தி" என்று ராம்சேவக் டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்.

அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே அவரிடம் கேட்டேன், நான் தமிழச்சி என்று எப்படித் தெரிந்தது அண்ணா என்று. இந்தியில் அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். அவருடைய பட்டாளத்தில் சமையல் பொறுப்பில் ஒரு மதராஸி ஹவில்தார் இருந்தாராம். மலையுச்சியில் ரேஷன் லாரி வராத நாளெல்லாம் வெளியே வந்து நின்று, முருகன் பெயரைச் சொல்லி இதே போலத் திட்டுவாராம். லாரி வந்ததும் அதே முருகனுக்குக் கற்பூரம் காட்டுவாராம். பயம் வேண்டாம், வரேன் என்பதும் அவரிடம் கற்றதுதானாம். அறுவடைக் காட்டில் அந்தப் பெயரும் அந்தத் திட்டும் கேட்டதும், ஒரு மதராஸிக்கு உயிர்போகிற கஷ்டம் என்று அரிவாளோடு ஓடிவந்திருக்கிறார்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"இந்த ஆத்துல தினமும் யாராவது பஜன் பாடிட்டுப் போவாங்க, அம்மா. பஜன் சத்தம் கேட்டா எவனும் எறங்கிப் போக மாட்டான். நீங்க சண்டை போட்டீங்க, அதான் வந்தேன்."

ஒரு நாள் தாமதித்திருந்தால் முழங்கால் வரை எடுத்திருப்போம், இரண்டு நாள் ஆகியிருந்தால் எங்களிடம் கொண்டுவந்தே பயனில்லை என்றார் டாக்டர். இரண்டு விரலோடு போயிற்று. கந்தசஷ்டி ஆறு நாளும் நான் அந்த மருத்துவமனை வராந்தாவில்தான் விரதம் இருந்தேன். மூன்றாம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது.

"சொல்லாம மறச்சது தப்புட்டி" என்றார்.

"அதச் சொல்ல ரெண்டு வெரலு போவணுமாக்கும்" என்றேன். சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நான் பணிவாகச் சொன்ன நூற்றெட்டையும் முருகன் கேட்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அவனுக்கு எல்லாம் கேட்கும். ஆனால் அந்த நூற்றெட்டில் நான் இல்லை. பயந்து நடுங்குகிற ஒருத்தி நல்லவள் வேஷம் போட்டுக்கொண்டு சொன்னது அது. திட்டும்போதுதான் நான் உண்மையாக அவன் முன்னால் நின்றேன். அந்தத் திட்டையே கயிறாக்கி ஒரு மனிதரை மேட்டிலிருந்து இறக்கினான். அந்த ஹவில்தாரின் வாயில் தன் பெயரை எத்தனையோ வருடத்துக்கு முன்பே அவன் எங்களுக்காகப் போட்டு வைத்திருந்தான் என்றுதான் நான் நம்புகிறேன். வேறு எப்படி நினைக்க?

திட்டியதற்கு அவன் பதிலும் சொன்னான். உன் படத்துக் கண்ணாடி என்று கத்தினேனே, அந்தப் படத்தை ஆற்றில் போட்டது அவனா? ஒவ்வொரு தைக்கும் முன்னால் வீட்டை ஒழிக்கும்போது, செல்லரித்த சாமி படங்களைப் பாலிதீன் பையில் கட்டி, இவர் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, பாலத்தில் கம்பிவலை கிழிந்த இடமாகப் பார்த்து வீசிவிட்டுக் கும்பிட்டு வந்தவள் நான். அதில் முருகன் படமும் உண்டு. இவர் காலில் ஏறியது எங்கள் வீட்டுக் கண்ணாடி என்று சொல்ல மாட்டேன். இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது.

படகு இப்போது ராம்சேவக்கிடம் இருக்கிறது. விட்ட இடத்திலிருந்து வரும் ஐப்பசியில் கிளம்புவோம் என்கிறார் இவர். போவோம். இந்த முறை எது ஆழம் என்று ராம்சேவக் சொல்வார், இவர் வாயை மூடிக்கொண்டு கேட்பார்.

இப்போது எங்கள் குடியிருப்பில் பழைய சாமி படங்களை நான் வாங்கிக்கொள்கிறேன். கண்ணாடியையும் சட்டத்தையும் பிரித்துப் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரிடம் கொடுப்பேன். காகிதத்தை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, கீழே வேப்பமரத்துக்கு ஊற்றுவேன். பாவமில்லையா என்று கேட்கிறார்கள். பாவம் எது என்று எனக்கு எட்டாவாவில் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும், பை வீச வருகிறவர்களைத் தடுக்க, யமுனைப் பாலத்தில் போய் நிற்கிறோம். போன வாரம் நம் கூட்டத்து அன்பர் ஒருவரே பையோடு ஸ்கூட்டரை நிறுத்தினார். பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவருக்குத் தெரியும். சாமி படத்தைக் குப்பையிலா போடுவது என்று என்னிடமே கோபப்பட்டார். என் வீட்டுக்காரர் நடைபாதையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அன்பர் பையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

உங்களுக்கும் கஷ்டம் வரும். அப்போது முருகனைக் கூப்பிடுங்கள். கோபம் இருந்தால் கோபமாகவே கூப்பிடுங்கள், வேஷம் போடாதீர்கள். நிச்சயமாக வருவான். எங்களுக்கு வந்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு மட்டும் வராதீர்கள். அங்கே நாங்கள் இருப்போம், அவர் செருப்பைக் கழற்றுவார்.