சேலை கட்டிய சைக்கிள்

புத்தி தெளிவாக இருந்த ஒரு காலைப்பொழுதில், என் சைக்கிளுக்கு மனைவியின் பட்டுச் சேலையைக் கட்டிவிட்டவன் நான். கேட்டவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமும் வைத்திருந்தேன். எங்கள் வாசிகசாலை வருடப்பிறப்புக்கு நடத்தும் விளையாட்டு விழாவில், இந்த முறை விநோத சைக்கிள் ஊர்வலம் என்று அறிவித்துவிட்டார்கள். கோவில் வாகனங்களின் இலக்கணம் பற்றித் தடித்த புத்தகங்களைப் படித்தவன் சும்மா இருப்பானா? இலக்கணம் தவறாமல் ஒரு மயில் செய்வதென்று இறங்கினேன்.

கழுத்துக்கு மட்டையும் நீலப் பெயின்றும் போதுமாக இருந்தது. தோகைக்கு மூங்கில் சிலாகைகளை விரித்துக் கட்டினேன். அதன் மேல் போர்த்துவதற்கு அலுமாரியில் பச்சையும் பொன்னுமாக ஒன்று கிடந்தது.

"உது என்ரை அக்காவின்ரை மகளின்ரை கலியாணத்துக்கு நான் உடுக்கிற சீலை" என்றாள் மனைவி.

"ஓம், தெரியும். பின்னேரம் அப்பிடியே மடிச்சுத் தாறன்."

"ஒரு பொட்டுக் கறை பட்டாலும் நீங்கள் கலியாணத்துக்கு வரத் தேவையில்லை. மயிலோடை வீட்டிலை இருங்கோ."

ஊர்வலம் மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட வெளிக்கிட்டு, எங்கள் ஒழுங்கைகளைச் சுற்றி வாசிகசாலை வளவில் முடிய வேண்டும். முன்னுக்கு ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ. அடுத்ததாக, வேட்டி, சட்டை, சால்வையோடு நானும் மயிலும். எனக்குப் பின்னால் தகரத்தில் செய்த விமானம். அதை ஓட்டி வந்தவர் கடற்கரைக் குருநகரிலிருந்து எங்கள் ஊரில் கலியாணம் முடித்தவர். படகு செய்வார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். "படகைத்தானே பிறந்ததிலை இருந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார்.

ஓட்டோவில் சினிமாப் பாட்டுப் போட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. விழாக்குழுவுக்குப் பண்பாடு நினைவுக்கு வந்து, நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒழுங்கை முடக்கில் நாதஸ்வரம் கேட்டால், எந்தக் கோவில், என்ன திருவிழா என்று யாரும் விசாரிப்பதில்லை. கை நேரே நிறைகுடத்துக்குத்தான் போகும். முதல் வீட்டு வாசல் படலையிலேயே ஓர் அக்கா ஸ்ரூல் போட்டு, குடம் வைத்து, விளக்கும் ஏற்றிவிட்டார்.

"அக்கா, இது போட்டிக்குப் போற மயில்."

"போட்டியோ? ஆரோடை?"

"மற்றச் சைக்கிளுகளோடை."

"அப்ப நல்லாய் வெல்லட்டும்" என்று கர்ப்பூரத்தைக் கொளுத்தினார்.

அடுத்ததாக அவர் கை பன்னீர்ச் செம்புக்குப் போனது. நான் வீட்டில் மயிலோடு இருக்க, ஊரே கலியாணத்துக்குப் போகும் காட்சி கண்முன் வந்தது. பாய்ந்து தோகைக்கு முன்னால் நின்றேன். பன்னீர் என் நெஞ்சில் விழுந்தது. தொடர்ந்து வந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் நானே வாங்கிக்கொண்டேன்.

"மனுசனுக்கு என்ன பக்தி பாரன்" என்று மதிலுக்கு அப்பால் ஒரு குரல் உருகியது.

செய்தி எங்களுக்கு முன்னால் ஓடியது. படலைக்குப் படலை குடம். ஓட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமல் நாதஸ்வரத்தோடு போய்விட்டார். ஒழுங்கையோ ஒடுக்கம், விமானத்தால் முந்தவும் முடியவில்லை.

"அண்ணை, மயில் முட்டையிடப்போகுதோ? கெதியாய் எடுங்கோ!"

"அவசரமெண்டால் மேலாலை பறவுமன்!"

இதற்கிடையில் ஒரு பெண், கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையை நீட்டினார். "ஐயா, திருநீறு?"

"பின்னாலை விமானத்திலை வருது, தங்கச்சி" என்றேன். பின்னால் சிலுவைச் சங்கிலி போட்ட விமானி என்னை ஏசியது நன்றாகக் கேட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பரிசு கொடுத்து முடிந்திருந்தது. ஹாண்டில் நிறையச் சுன்னாகத்து வெங்காயப் பிடிகளைத் தொங்கவிட்டு வந்தவருக்கு முதலாமிடம். நடுவர்களின் கைகளில் ஆளுக்கொரு பிடி வெங்காயம் இருந்தது. எனக்குக் கவலையில்லை. கச்சான் கடலை விற்கும் தட்டுக்குப் பக்கத்தில் நின்ற மனைவியிடம் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், சேலையை அவிழ்த்துக் கொடுத்தேன்.

அவள் வெளிச்சத்தில் பிடித்துக் கரை கரையாகப் பார்த்தாள். முந்தானையை மணந்தும் பார்த்தாள். சேலை அலுமாரியில் இருந்து எடுத்த மாதிரியே இருந்தது. என் சட்டைதான் கோவில் தூண் போல ஆகியிருந்தது.

"பாத்தீரே? ஒரு பொட்டும் இல்லை" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு சேலையை மடித்தாள்.

"உங்களை நம்பித்தான் நான் சுன்னாகத்திலை ஒரு புதுச்சீலை பாத்து வைச்சிருந்தனான்."