வெங்காய மூட்டைமேல் பிரான்ஸ்

கடலூர் மஞ்சக்குப்பத்து ஏசி மெக்கானிக் தைரியராஜ் எகிப்து யாத்திரைக்குப் பெயர் கொடுத்த அன்றே, கூட வரவிருந்த மச்சான் ஜேக்கப்பின் கேலி ஆரம்பித்துவிட்டது. மனைவியின் அண்ணன்; புதுச்சேரிக்காரர்; அப்பா வழியில் பிரெஞ்சுக் குடியுரிமை.

"என் பாஸ்போர்ட்ட பாத்தா கதவு தானா தொறக்கும் மச்சான். உன்னுத பாத்தா நிக்க வச்சு கேள்வி கேப்பான்."

கெய்ரோ விமான நிலையத்தில் அப்படியே நடந்தது. ஜேக்கப் விசிலடித்துக்கொண்டு வெளியே போனார். தைரியராஜ் திரும்பும் டிக்கெட், ஓட்டல் ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டு நின்றார்.

கடைசி நாள், ஒரு பழைய மாதா கோயிலில் ஜேக்கப் படமெடுத்து முடிப்பதற்குள், விமான நிலையத்துக்குப் போகும் யாத்திரை பஸ் இருவரையும் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. பாஸ்போர்ட், பர்ஸ், தைரியராஜின் போன் எல்லாம் பஸ்ஸில். ஜேக்கப்பின் போன் படமெடுத்தே உயிரை விட்டிருந்தது.

தெருமுனையில் ஒரு வெங்காய வேன் நின்றது. ஜேக்கப் ஓடிப்போய், "பிரான்ஸ்! ஏர்போர்ட்!" என்றார். வேன்காரர் அவர் முகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூட்டை கட்டப் போய்விட்டார்.

தைரியராஜ் தயங்கித் தயங்கி, "இந்தியா" என்றார்.

வேன்காரர் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பழைய இந்திப் படப் பாட்டு ஒன்றைப் பாதி பாடி, மீதியை நீ பாடு என்று கை காட்டினார்.

"மச்சான், எனக்கு ஏதுடா இந்தி?"

"எதையாவது பாடித் தொலைடா, பிளைட்டு போயிடும்!"

தைரியராஜ் கண்ணை மூடிக்கொண்டு, ஊர்த் தேர்பவனியில் பாடும் மாதா பாட்டைத் தமிழில் எடுத்துவிட்டார். வேன்காரர் தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் முன்கதவைத் திறந்து இந்தியாவை உட்கார வைத்தார். பிரான்ஸ் பின்னால் மூட்டைமேல் ஏறிக்கொண்டது.

விமான நிலைய வாசலில், தலையெல்லாம் வெங்காயச் சருகோடு இறங்கிய ஜேக்கப்பிடம் தைரியராஜ் கேட்டார்: "கதவு தானா தொறந்துச்சா மச்சான்?"

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜுக்கு ஏசி பார்க்கப் போனவர், கீழவீதி டீக்கடையில் தனியாக நின்ற வெளிநாட்டு மாணவரிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். எத்தியோப்பியா என்று தட்டுத்தடுமாறிய தமிழில் பதில் வந்தது.

"எகிப்து பக்கந்தானே? அப்ப நம்மாளு! அண்ணே, ரெண்டு டீ போடுங்க. தம்பி, ஒரு எகிப்து பாட்டு பாடு."

"அந்த பாஷை தெரியாது அண்ணா."

தைரியராஜுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எனக்கும் தெரியலதான், பாடலயா? உங்க ஊரு பாட்ட எடுத்து வுடு."

மாணவர் வெட்கத்தோடு கண்ணை மூடிக்கொண்டார். தைரியராஜ் டீ கிளாஸை இறக்கி வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.