செடிக்கு ஊற்றிய மருந்து

மலையில் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துப்பினேன். வெட்டிய கட்டையின் மேல் ரத்தம். வெற்றிலைச் சாறு என்று பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவனிடம் பொய் சொன்னேன். அன்று நான் வெற்றிலையே போடவில்லை.

காசநோய் என்றார்கள் (நுரையீரலைக் கிருமி அரிக்கும் நோய்). மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிறகு கட்டில் இல்லை என்று மருந்தைக் கையில் கொடுத்து, அட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கே அனுப்பிவிட்டார்கள்.

"சளியில கிருமி இல்லையெண்டு வரும்வரைக்கும் பிள்ளையைக் கிட்ட விடாதேங்கோ" என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர்.

நான் வருமுன்பே என் மனைவி மீனாட்சி, இரண்டு வயது மகள் பவளத்தை வட்டவளையில் தன் தங்கை வீட்டில் விட்டிருந்தாள். தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு ஒரே காம்பரா; மூவரும் அந்த ஒரே அறையில்தான் படுக்க வேண்டும். அவள் வேறு என்ன செய்வாள்? ஆனாலும் அவளைத்தான் நாள் முழுக்கத் திட்டினேன்.

ஒரு நாள் காற்றில் முறிந்த மரக்கிளையில் ஒட்டியிருந்த ஓர்க்கிட் செடியைக் கொழுந்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்தாள். வேர் பாதி பிய்ந்து, இலை சுருங்கிக் கிடந்தது.

"இந்தாங்க. என்னைத் திட்டுற நேரத்துக்கு இதைப் பாருங்க" என்றாள்.

பிஸ்கட் தகரத்தில் தேங்காய் மட்டையை நறுக்கிப் போட்டு, செடியை வைத்துக் கட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது: இது பிழைத்தால் பிள்ளை வருவாள் என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

எனக்கு இரண்டு மருந்து. ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் (கிருமியைக் கொல்லும் ஊசி). தோட்டத்து டிஸ்பென்சரியில் போடுவார்கள். மற்றது பி.ஏ.எஸ் (ஊசியோடு சேர்த்துக் குடிக்க வேண்டிய தூள்). தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். அந்தத் தூள் இருக்கிறதே, ஐயோ! குடித்தால் குடலே வாய்க்கு வந்துவிடும். பசி எடுத்து உடம்பு கொஞ்சம் தேறியதும், இனி எதற்கு இந்தக் கண்ராவி என்று நினைத்தேன். வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினால் மீனாட்சி கண்டுபிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரி மருந்தை வீணாக்கவும் மனசு வரவில்லை. செடிக்காவது பலம் கொடுக்கட்டுமே என்று தகரத்தில் ஊற்றினேன். தினமும் ஊற்றினேன்.

அடுத்த சளிப் பரிசோதனையில் கிருமி இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. செடியின் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தன. "விதி" என்று மீனாட்சியிடம் சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

ஒரு விடியற்காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் புறப்படுமுன் அவள் தகரத்தைத் தூக்கிப் பார்த்தாள். மட்டையெல்லாம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"இது உங்க மருந்துல்ல?"

தகரத்தை வாங்கக் கை நீட்டினேன்; அவள் தரவில்லை.

"செடிக்கா சீக்கு வந்துச்சு? அங்க புள்ள என் தங்கச்சிய அம்மான்னு கூப்பிடுது. நீங்க இதுக்கு ஊத்துறீங்களா?"

தகரத்தை என் மடியில் வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். நான் குழந்தை மாதிரி அழுதேன்.

கத்தியைத் தீட்டி அழுகிய வேரையெல்லாம் வெட்டினேன். இரண்டே வேர் மிஞ்சின. மழைத் தண்ணீரில் கழுவி, மரப்பட்டையில் வைத்துக் கட்டி, வெயில் படாத கூரையோரம் தொங்கவிட்டேன். மறுவாரம் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன்.

"அரைகுறையாக் குடிச்சா கிருமி மருந்துக்குப் பழகிப்போகுமல்லோ! இனி முதலிலயிருந்து தொடங்கோணும்" என்று சத்தம் போட்டார். தூளைச் சாப்பாட்டோடு குடிக்கச் சொன்னார். குமட்டல் குறைந்தது. இதைப் படிக்கிறவர்களில் மருந்தை ஒளிக்கிறவர்கள் இருப்பீர்கள். முடியவில்லை என்றால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஊசியும் கூடுதலாகப் போட வேண்டியதாயிற்று. அதில் இடது காதில் இரைச்சல் தொடங்கி, பிறகு இரைச்சலும் நின்று, காதே போய்விட்டது. சில பேருக்கு அந்த ஊசி அப்படிச் செய்யுமாம். ஒழுங்காகக் குடித்திருந்தால் அத்தனை ஊசி தேவைப்பட்டிருக்காது.

செடி மாதக்கணக்கில் அசையவில்லை. பிறகு நகக்கண் அளவில் ஒரு பச்சை வேர் எட்டிப் பார்த்தது. அதன் பிறகு இரண்டு இலை. பூ இன்னும் பூக்கவில்லை. நான் கொடுத்த சளியில் தொடர்ந்து மூன்று தடவை கிருமி இல்லை என்று வந்தது. நுரையீரல் ஆறியது. ஆனால் சரிவில் நின்று கத்தி வீச இனி முடியாது; அந்த ஊசியால் தலை சுற்றுகிறது.

வட்டவளைக்குப் போய்ப் பதினாறு மாதம் கழித்துப் பவளம் வந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து செடிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். இடது பக்கமாக வந்து நின்று மூன்று தடவை "அப்பா" என்று கூப்பிட்டாளாம். நான் திரும்பவில்லை. அவள் அழுதுகொண்டே மீனாட்சியிடம் ஓடி, "அப்பாவுக்கு எம்மேல கோவம்" என்றாளாம்.

மீனாட்சி வந்து சொன்னதும் எழுந்து உள்ளே போனேன். பிள்ளையை வாரித் தூக்கி வலது தோளில் போட்டுக்கொண்டேன்.

"இன்னொரு தடவ கூப்பிடு சாமி."

மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"சரி, அப்பா எங்க போகப்போறேன்? நீ எப்பக் கூப்பிட்டாலும் இங்கதான் இருப்பேன்" என்றேன்.