‘ப’ வராத வரலாற்று வாத்தியார்

வரலாற்றுத் துறையில் அவருக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். இளங்கலை மூன்றாம் ஆண்டு செமினாரை அவர்தான் நடத்திவந்தார். மாடிப்படிக்குப் பக்கத்து அறை, நீள மேசை, சுற்றிலும் பதினைந்து நாற்காலி. வாரம் ஒரு மாணவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் அதைப் பிய்த்துப்போடுவார்கள். அவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் ஓய்ந்த பிறகு, "ஏன்?" என்பார். வாசித்தவருக்கு வியர்த்துவிடும். ஓய்ந்த சண்டை மறுபடி மூளும்.

ஆழமான மனிதர், அளந்து பேசுகிறார் என்று கல்லூரியே நம்பியது. விஷயம் அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவருக்குத் திக்குவாய். அதிலும் ‘ப’ ஜென்மப் பகை. சின்ன வயதில் கடைக்குப் பருப்பு வாங்கப் போய், அந்தச் சொல் வராமல் உப்பு கேட்டு வாங்கிவந்து அம்மாவிடம் அடி வாங்கியவர். வளர்ந்ததும் சாமர்த்தியம் கூடியது. வாயில் சிக்காத சொற்களாகப் பொறுக்கிப் பேசக் கற்றார். புரட்சி என்று சொல்ல மாட்டார், எழுச்சி என்பார். பஞ்சம் என்பதற்கு ‘உணவற்ற ஆண்டுகள்’. அதற்குள் ஏதோ பெரிய கோட்பாடு இருப்பதாக எண்ணி மாணவர்களும் தேர்வுத்தாளில் அப்படியே எழுதிவைத்தார்கள். எழுந்து நின்று பேசவேண்டிய பாடங்களைச் சக ஆசிரியர்கள் தலையில் கட்டிவிட்டு, பதிலுக்கு அவர்களுடைய விடைத்தாள்களை எல்லாம் திருத்திக்கொடுத்தார். ஆனால் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அவர் நிஜமாகவே நல்ல ஆசிரியர்.

புதிதாக வந்த கல்லூரி முதல்வருக்கு அந்த அறை கண்ணை உறுத்தியது. "பதினைஞ்சு பேருக்கு ஒரு வாத்தியாரா? கட்டுப்படியாகாது" என்றார். செமினார்களை ஒழித்துவிட்டு, எல்லா மாணவர்களையும் பெரிய அரங்கில் உட்காரவைத்து விரிவுரை என்று ஆக்கினார். மேடை, மைக், பின்னால் திரை. ‘ஏன் சார்’ பங்குக்கு வந்த தலைப்பு, ‘பஞ்சங்களின் வரலாறு’.

"துறைத்தலைவிகிட்ட சொல்லிடுங்க" என்றாள் மனைவி. "நல்ல மனுஷி. வேற ஏற்பாடு பண்ணுவாங்க."

"இத்தனை வருஷம் ஏ... ஏமாத்தினேன்னு ஆயிடும்."

"யாரை ஏமாத்தினீங்க? சொன்னா தலையா போயிடும்?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அரங்கில் தொடக்கம் நன்றாகவே போனது. எழுதி, அடித்து, சொல் மாற்றி, மனப்பாடம் செய்திருந்தார். பாதி வழியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"சார், திரையில பஞ்சம்னு போட்டிருக்கு. நீங்க வேற சொல்றீங்களே. ரெண்டும் ஒண்ணா?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் ஒரு நல்ல கேள்வியை அப்படித் தட்டிக்கழித்து அவருக்குப் பழக்கமில்லை. விளக்க வாயெடுத்தார். உதடுகள் ஒட்டிக்கொண்டன. ‘ப’ மட்டும் வந்தது, மறுபடி ‘ப’. ஒவ்வொரு மூச்சையும் மைக் பெரிதாக்கி அரங்கெங்கும் பரப்பியது.

"சார், மைக் ரிப்பேர்" என்று பின்னாலிருந்து ஒருவன் உதவிக்குக் குரல் கொடுத்தான். சிரிப்பு கிளம்பியது. ரிப்பேர் மைக்கில் இல்லை என்று புரிந்தபோது சிலர் சிரிப்பை நிறுத்தினார்கள். சிலர் கைப்பேசியை உயர்த்தினார்கள். கேள்வி கேட்டவள் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் மேடையை விட்டு இறங்கி நடந்தார்.

மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் கூடத்திலேயே நின்றாள். அப்பா இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"கிளாஸ்ல எல்லாரும் அந்த வீடியோவைப் பாத்துட்டாங்கப்பா" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துறைத்தலைவி அவரை அழைத்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற பாடம் மாத்திக் குடுத்திருப்பேனே" என்றார். அந்தக் குரலில் கோபமில்லை, வருத்தம்தான். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ‘ஏன் சார்’, தேர்வுப் பிரிவுக்கு மாற்றல் தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கேள்வித்தாள் கட்டுகளை எண்ணி உறையிட்டு அரக்கு வைக்கும் வேலை. யாரிடமும் வாய் திறக்கத் தேவையில்லை. பழைய மாணவர்கள் சிலர் தேடி வந்தார்கள். அவர் தலையசைத்தார், அவர்களும் என்ன பேசுவதென்று தெரியாமல் போய்விட்டார்கள். வீட்டிலும் பேச்சு வற்றியது. மனைவி முதலில் சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு பழகிக்கொண்டாள்.

ஆண்டு முடிவில், மகளின் பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். மனைவிக்குக் காய்ச்சல், அவர் போனார். வகுப்பாசிரியை சிரித்த முகமாக, "சார், நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

அவர் மூச்சை இழுத்தார். அதற்குள் மகள் குறுக்கே விழுந்தாள். "காலேஜ் ஆபீஸ்ல, மிஸ். அப்பாவுக்குத் தொண்டை சரியில்ல."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதிக் கேள்விகளுக்கும் அவளே பதில் சொன்னாள்.