தும்பிக்கை முகமூடி

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் கார்னிவல் நாட்களில் வேலைக்கு ஆள் பிடிப்பது கஷ்டம். வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் ஆடப் போகவேண்டும் என்று எல்லோரும் லீவு கேட்பார்கள். நான் கேட்டதில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் சேர்ந்த முதல் வருடமே அந்த நாட்களுக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு யாரும் என்னிடம் கேட்பதே இல்லை. அந்தக் கிழமை வேலைப் பட்டியலில் முதலில் என்னைப் போட்டுவிட்டுத்தான் மற்றவர்களைப் பற்றி யோசிப்பார்கள். நல்ல மனுஷி என்று என்னைச் சொன்னார்கள். உண்மையில் எனக்குக் கூச்சம். காலை டிராமில் கரடியும் கடற்கொள்ளைக்காரனும் பாடிக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்தக் கூச்சம் சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றபோது, இனி வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லத் தேவையில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவள் நான். கலியாண வீடுகளில், கோயில் திருவிழாக்களில், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகளில் எல்லாம் எனக்கு ஒரு வேலை இருந்தது. "நீங்கள் போங்கோ, நான் பைகளைப் பார்க்கிறன்" என்பேன். எல்லோருக்கும் அது வசதி. எனக்கும்தான்.

எங்கள் சமையலறையில் நாங்கள் மூன்று பேர் சிநேகிதம். ஒருவர் என்னைவிடச் சில வயது மூத்தவர், எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அக்காதான். மற்றவள் கொலம்பியா நாட்டுக்காரி. எங்கள் மூவருக்கும் பொதுவான பாஷை, உருளைக்கிழங்கு உரித்து உரித்துப் பழகிய ஜெர்மன். ஒருநாள் அப்படி உரித்துக்கொண்டிருக்கும்போது கொலம்பியாக்காரி, இந்த முறை கார்னிவலுக்குத் தன் ஊருக்குப் போவதாகவும், நாங்களும் வரவேண்டும் என்றும் சொன்னாள். கடலோரத்தில் உள்ள ஊர். பெயர் பர்ரங்கியா.

"பறங்கியோ?" என்று அக்கா கேட்டார். "எங்கட நாட்டுப் பறங்கியர் எல்லாம் அங்கதான் போயிட்டினமோ?"

"சூட்கேஸ் வேண்டாம்" என்றாள் அவள். "பஸ்ஸில திரியவேணும். முதுகுப்பை மட்டும்."

அக்கா உடனே ஓம் என்றுவிட்டார். நான் வழக்கம்போல, பார்ப்போம் என்றேன். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"பிள்ளை, நீர் பார்ப்பம் எண்டால் வரமாட்டீர் எண்டு எனக்குத் தெரியும். வாறீரோ, இல்லையோ?"

வருகிறேன் என்றேன். அக்கா அப்படி முகத்தைப் பார்த்துக் கேட்டால் இல்லை என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். இத்தனை வருடம் கேட்காதவள் கேட்கிறாள் என்று, முணுமுணுத்துக்கொண்டே எங்கள் மூவருக்கும் லீவு தந்தார்கள்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சிரித்தார். "இந்த வயசில, முதுகில மூட்டையோடயோ?" மகள்தான் எனக்குப் பையின் பட்டிகளை இறுக்கிக் காட்டித் தந்தாள். "அம்மா, போனால் ஆடிப்போட்டு வாங்கோ. அங்கயும் போய்ப் பை பார்க்காதேங்கோ." அவள் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. கடல் தாண்டிப் போயும் ஓரத்தில் நின்றுவிட்டு வந்தேன் என்றால், இனி நான் மாறப்போவதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு மாதிரி வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கொலம்பியாவில் முதல் சில நாட்கள் பஸ்ஸிலும், இளம் பிள்ளைகள் தங்குகிற மலிவான விடுதிகளிலும் போயின. அடுக்குக் கட்டிலில் மேல் தட்டு எனக்கு. அக்காவின் குறட்டைக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் மட்டும் எல்லோரும் அவரை மரியாதையோடு பார்த்தார்கள். ஒரு விடுதியில் ஜெர்மன் பெடியன் ஒருவன் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டான். கொலோன் என்றோம்.

"கொலோனை விட்டுட்டு, கார்னிவல் பார்க்க இஞ்சையோ?"

"அங்க இவவுக்கு வேலை" என்று அக்கா என்னைக் காட்டினார்.

பர்ரங்கியா போய்ச் சேர்ந்தபோது ஊரே வெளியில் இருந்தது. கொலம்பியாக்காரியின் சின்னம்மா வீட்டில் இடமில்லை. நாங்கள் சில தெருக்கள் தள்ளி ஒரு விடுதியில் தங்கினோம். பகல் முழுவதும் சின்னம்மாவின் தெருவில்தான். வீட்டு வாசல்களில் பிளாஸ்டிக் கதிரைகள். ஆள் உயரத்துக்குப் பூவும் புலியும் கீறின ஒலிபெருக்கிகள். அவற்றின் முன்னால் நின்றால் வயிற்றுக்குள்ளே மேளம் அடிக்கும். சின்னம்மா எனக்கு ஒரு கதிரையும் மரவள்ளிக்கிழங்கு அவித்த தட்டும் தந்தார். கிழங்கைக் கண்டதும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு தூரம் வந்து அதே கிழங்கு.

அங்கே ஒரு வழக்கம். ஆட்கள் வெள்ளை மாவைப் பொதி பொதியாக வைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவரின் முகத்தில் பூசுவார்கள். கோபிக்கக் கூடாது.

"என்னட்ட மிளகாய்த்தூள்தான் இருக்கு" என்றார் அக்கா. "எடுக்கட்டோ?"

அக்கா முதல்நாளே ஆட இறங்கிவிட்டார். அக்காவுக்கு ஆடத் தெரியாது. அது அவருக்கு ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. நான் மூன்று பைகளையும் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். ஆட்கள் வந்து கையைப் பிடித்து இழுத்தார்கள். பைகளைக் காட்டினேன். அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

"என்ன பிள்ளை, விமானம் பிடிச்சு வந்து இஞ்சையும் டியூட்டியோ?" என்று அக்கா வேர்த்து ஒழுகியபடி வந்து கேட்டார். "நாளைக்கு இது முடியுது, தெரியுமோ?"

தெரியும். அன்று விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். நாளைக்கு ஒரு பாட்டுக்காவது எழும்பவேண்டும். எழும்பி என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை. மற்றவர்களுக்குக் கையும் காலும் தானாகப் போகின்றன. என் கைக்குக் கரண்டி பிடிக்கவும் கும்பிடவும் மட்டும்தான் தெரியும்.

கடைசி நாள் மத்தியானம் நல்ல வெயில். சின்னம்மா வீட்டு வாசலில் நிழல் இருந்தது. சாப்பாடும் சற்றுக் கூடிவிட்டது. அவ்வளவு சத்தத்திலும் கதிரையில் இருந்தபடி கண் அயர்ந்துவிட்டேன்.

நெற்றியில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தேன். முகத்துக்கு மிகக் கிட்ட நீளமான தும்பிக்கை. இரண்டு பக்கமும் சுளகு மாதிரிக் காதுகள். நீட்டின கையில் வெள்ளைப் பொடி.

அது முகமூடி. அந்த ஊர்க் கார்னிவலில் தெருவுக்குப் பத்துப் பேர் அந்த வேஷத்தில் திரிவார்கள். மூன்று நாளாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அரைத் தூக்கத்தில் கை என்னைக் கேட்கவில்லை. எழுந்து நின்று தலை குனிந்து, திருநீறு வாங்குகிற மாதிரி அந்த மாவை நெற்றியில் வாங்கிக்கொண்டேன். கைகளைக் குறுக்கே வைத்துத் தலையில் குட்டினேன். பிறகு இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு, குனிந்து எழுந்து, குனிந்து எழுந்து, தோப்புக்கரணம் போட்டேன்.

மூன்றாவது தரம் எழுந்தபோதுதான் முழுதாக விழித்தேன். முகமூடிக்காரன் அசையாமல் நின்றான். தெருவில் பக்கத்தில் நின்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள். என் முகம் தீயாகக் கொதித்தது. கதிரையில் விழப்போனேன்.

அதற்குள் அவன் தன் பெரிய துணிக் காதுகளை மாற்றிப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவன் வாயில் ஒரு ஊதுகுழல் இருந்தது. குனியும்போது அது கீழிறங்கும் சத்தமாகவும் எழும்பும்போது மேலேறும் சத்தமாகவும் கத்தியது. தெரு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தான்: இப்படியா, சரியா என்று கேட்கிற மாதிரி.

சரியில்லை. இடது கை உள்ளே இருக்கவேண்டும், வலது கை வெளியே. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவன் கையைப் பிடித்து மாற்றி வைத்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் கையையும் நீட்டினாள். அவளுக்கும் வைத்தேன். சின்னம்மாவும் வந்து நின்றார். மேளம் ஒரு தட்டுத் தட்டி நிறுத்தித் தட்டும்போது எல்லோரும் சேர்ந்து குனிந்தார்கள், சேர்ந்து எழும்பினார்கள். அந்தத் தாளத்துக்குத் தோப்புக்கரணம் அளவாகப் பொருந்தியது. எதிர்வீட்டு வாசலில் இருந்தவர்களும் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். மேலே பல்கனியில் ஒரு கிழவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தார். "எடியே! நீரோ இதைத் தொடக்கினது?"

"பாவமோ அக்கா?" எனக்கு மூச்சு வாங்கியது. "சாமியைப் பகிடி பண்ணின மாதிரி..."

அக்கா முகமூடியைப் பார்த்தார். அது ஊதிக்கொண்டே குனிந்தது. "அவரே நிண்டு ஆடுறார். உமக்கென்ன பாவம்?" என்று சொல்லிவிட்டு அவரும் காதைப் பிடித்தார்.

எத்தனை பாட்டு போனதோ தெரியாது. தோப்புக்கரணத்தில் தொடங்கியது எப்போது ஆட்டமாக மாறியது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்தில் காதை விட்டுவிட்டேன். கை வேறெங்கோ இருந்தது. கால் நடக்காமல் வேறு ஏதோ செய்துகொண்டிருந்தது. கொலம்பியாக்காரி என் முகத்தில் இன்னும் மாவைப் பூசினாள். நானும் அவள் முகத்தில் பூசினேன். யாரோ தெரியாத ஒரு மனிதர் முகத்திலும் பூசினேன். அவர் நன்றி சொன்னார்.

வெயில் இறங்கும் நேரம் அக்கா வந்து என் தோளைத் தட்டினார். என் பையையும் தன் தோளில் மாட்டியிருந்தார்.

"என்ர முழங்கால் இனி ஏலாது. வாரும், போவம்."

"நீங்கள் போங்கோ அக்கா. நான் பிறகு வாறன்."

"தனியவோ?"

"ஓம்."

"விடுதிக்கு வழி தெரியுமோ உமக்கு?"

"தெரியாது. இவ்வளவு நாளும் உங்களுக்குப் பின்னாலதானே வந்தனான். ஆரிட்டயும் கேட்டுக்கொண்டு வாறன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். கொலோனில் புதிய கட்டடத்துக்குள் போனால், வாசலில் நிற்கிறவரிடம் மாடி எது என்று கேட்கக் கூச்சப்பட்டு எல்லா மாடியும் ஏறி இறங்குகிறவள் நான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவையின்ர பாஷையில என்னெண்டு கேட்பீர்?"

"கையாலயெண்டாலும் காட்டி விளங்கப்படுத்துவன் அக்கா. நீங்கள் போய்க் காலை நீட்டுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே போனார். சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். காட்டுவதற்கு என்னிடம் பை எதுவும் இருக்கவில்லை. நானும் தேடவில்லை, அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது.